முதல் வரிசை நாற்காலி

பொழுது விடியுமுன்பே கடற்கரைக்கு ஓடிப்போய், ரிசார்ட்டின் முதல் வரிசைச் சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு வந்தார் குடும்பத்தலைவர். சாப்பிட்டுவிட்டு மனைவி, பிள்ளைகளோடு ஜம்பமாகத் திரும்பினால், துண்டுகள் மணலில் கிடந்தன. நாற்காலிகளில் வேறு யாரோ கால்நீட்டிப் படுத்திருந்தார்கள்.

மானேஜரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"துண்டைத் தூக்கிப் போட்டவன் எவனா இருந்தாலும் இன்னைக்கே ரூமைக் காலி பண்ணணும்!"

"கண்டிப்பா சார். கேமரால பார்த்துடலாம்" என்று உள்ளே ஓடினார் மானேஜர்.

அந்த நேரம் பார்த்து, காலை நடையை முடித்துவிட்டு மாமனார் வந்தார்.

"என்ன மாப்ளே, ஒரே சத்தம்?"

"நம்ம துண்டை எவனோ தூக்கி வீசிட்டான், மாமா!"

"அடடா, அது நம்ம துண்டா? ஆளே இல்லாம துண்டு போட்டு சீட் பிடிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ரிடையர் ஆனா என்ன, கண்டக்டர் கண்டக்டர்தானே!"

மானேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், கேமரா ரெடி. வாங்க, ஆளைக் காட்டுறேன்!"

மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"விடுங்க சார், காத்துல பறந்திருக்கும்" என்றார் குடும்பத்தலைவர்.

தலைக்கு மேலே தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை.