படத்தில் ஒரு குறை

மன்னார்குடியில் வாடகைக்கு எடுத்துவந்த பழைய உளவாளிப் படம் முடிந்ததும் ஜாஹித் டெக்கை நிறுத்தினான்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"சண்டையெல்லாம் நல்லாருக்கு. கப்பல்தான் அட்டைன்னு தெரியுது" என்றாள் ஆசியா. "இன்னொண்ணும் சரியில்ல. செத்தவன் குரல்ல வேற ஒருத்தன் போன்ல பேசுறான். பெத்தவளே நம்பிடுறாளே."

"உளவாளிக்கு அதெல்லாம் பழக்கியிருப்பாங்கம்மா."

பேச்சை மாற்ற அவன் சட்டைப்பையிலிருந்து ஆடியோ கேசட்டை எடுத்தான். "குவைத்திலேர்ந்து வந்தவர்கிட்ட அண்ணன் பேசிக் குடுத்துவிட்டிருக்கு. போடவா?"

அடுக்களையில் நிறைமாத அண்ணி சபிஹா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள்.

ஆசியா குரலைத் தாழ்த்தினாள். "இதுலயும் நீதானே பேசியிருக்கே?"

ஜாஹித் கேசட்டைத் திரும்பப் பைக்குள் போடப்போனான்.

"உன் அண்ணன் எப்ப மவுத்தாப் போனான்?"

"ரமலானுக்கு முன்னாடிம்மா. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"போடு. சத்தமா வை. ஒரு மாச லீவுல வந்தவனுக்குக் கட்டி வச்சோம். அவன் குரல்கூட அவளுக்குப் பழகல. புள்ள பொறக்குற வரைக்கும் அவளாவது நம்பட்டும்."