பத்துல பிடி!

வண்டியில் முதல் ஆளாக ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள் லேத்துக்காரரின் மனைவி. பீரோ, பாத்திர மூட்டை, சின்ன லேத் மெஷின் எல்லாம் பின்னால் ஏறியாயிற்று. பாக்கி, லேத்தைத் தூக்கி வைக்கிற இரும்புப் பெஞ்சு ஒன்றுதான். அது பட்டறை அறையின் வாசலில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது.

"தள்ளுங்கப்பா, இன்னும் கொஞ்சம்!" என்றார் லேத்துக்காரர்.

சுமை தூக்க வந்த இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். இரும்பு வாசல்நிலையில் 'ணங்'கென்று இடித்தது. ஒரு நூல்கூட நகரவில்லை.

"இது தள்ளுற சமாச்சாரம் இல்லைங்க. வாசலை விடப் பெஞ்சு பெருசு."

"சும்மா உளறாதே. வாசலை அளந்துட்டுத்தான் செஞ்சேன்."

பழைய பெஞ்சு தரையோடு சிமென்ட் வைத்துப் பூசியது. 'எங்களோடு வந்து இருங்கள்' என்று மகன் ஒற்றைக்காலில் நின்றபோது, பெயர்க்க முடியாத அந்தப் பெஞ்சைத்தான் அவர் சாக்காகச் சொன்னார். "சக்கரம் வச்சுப் புதுசா ஒண்ணு செஞ்சுக்குங்கப்பா. கார் நிறுத்துற இடத்தைக் காலி பண்ணித் தர்றேன்" என்று வாயை அடைத்துவிட்டான் மகன். மனைவியைக் கேட்டால், "உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றாள். பேத்தியோடு இருக்க ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது என்று, அவளுக்காகத்தான் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்ட பிறகு அவர் கை சும்மா இருக்குமா? பட்டறைக்குள்ளேயே வைத்துப் புதுப் பெஞ்சைச் செய்து முடித்தார். கனமான சதுரக் குழாயில் கால்கள், மேலே விரல் தடிமனில் ஒரே தகடு, கீழே இன்னொரு தகடு, பக்கமெல்லாம் குறுக்குச் சட்டம். நான்கும் பூட்டுப் போடுகிற சக்கரம். பூட்டிவிட்டால் யானை முட்டினாலும் அசையாது. அகலம் இருந்தால்தான் ஆட்டம் இருக்காது என்று, வாசலை விட இரண்டே சென்டிமீட்டர் குறைத்துச் செய்திருந்தார்.

"சாய்ச்சு எடுத்துடலாமாப்பா?" என்றான் மகன்.

"பெட்டி மாதிரி அடைச்சிருக்குடா. எப்படிப் புரட்டினாலும் இதுதான் சின்னப் பக்கம்."

"அப்போ அறுத்துட்டு, அங்க போய் ஒட்டிக்கலாம்."

"வெல்டிங் சூட்டுல தகடு வளைஞ்சிடும். அப்புறம் லேத் அதுல எப்படிச் சமமா உட்காரும்? வா, இப்படி வந்து டேப்பைப் பிடி. பத்துல பிடி."

டேப்பின் முனையில் இருந்த கொக்கி எந்தக் காலத்திலோ ஒடிந்துவிட்டது. ஒருவர் பத்தாம் கோட்டில் கட்டைவிரலை வைத்துப் பிடிக்க வேண்டும். மறுமுனையில் வருகிற அளவில் இவர் பத்தைக் கழித்துக்கொள்வார். இத்தனை வருஷமாகப் பிடித்த கை மனைவியுடையது. புது டேப் வாங்கச் சொன்னால், "நீ இருக்கிறப்போ எனக்கு எதுக்குக் கொக்கி?" என்று சிரிப்பார்.

இப்போது மகன் பிடிக்க, பத்தைக் கழித்து வாசல் எழுபத்தைந்து வந்தது. பெஞ்சு செய்யும் முன் அளந்தபோது எண்பது வந்தது. அதில் இரண்டைக் குறைத்துப் பெஞ்சை எழுபத்தெட்டில் செய்திருந்தார்.

"பத்தைக் கழிக்க மறந்திருப்பீங்கப்பா."

"மறந்திருந்தா எட்டு சென்டிமீட்டர் இடிக்கணும்டா. இடிக்கிறது மூணு. ரெண்டு தரம் அளந்தேன், ரெண்டு தரமும் எண்பதுதான். இந்த மூணு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கணக்குப் பிசகியது, அப்புறம் வீட்டுக்கு வழி மறந்தது, கடைசியில் கூடப் பிறந்தவரையே பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு வந்தவர் இவர்தான். அந்தப் பயம் அன்றிலிருந்தே அவர் மனதுக்குள் இருந்தது.

"நானும் அண்ணன் மாதிரி ஆயிடுவேனாடா?"

மகனுக்கும் முகம் மாறிவிட்டது. அருகில் குந்தி உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "இதுக்குத்தான்பா சொல்றேன். இனிமே உங்களைத் தனியா விடுறதா இல்ல. பெஞ்சு கிடக்கட்டும், கிளம்புங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

வேறு நாளாக இருந்தால் ஒரு சண்டையே போட்டிருப்பார். இன்றைக்கு டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சரிடா, வர்றேன். அளவே தப்பிப்போனவனுக்கு லேத் எதுக்கு? அதையும் யாருக்காவது கொடுத்துடு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வாசலை ஒட்டி நின்ற வண்டியின் கதவு படாரென்று திறந்தது. மனைவி இறங்கி வந்தாள். அவள் முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகலைங்க. அழாதீங்க" என்றாள். மகன் பக்கம் திரும்பாமலே, "எனக்கு இந்த வீட்டை விட்டு வர மனசில்லடா. உன் மூஞ்சியைப் பார்த்து அதைச் சொல்லத் தெரியல" என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவள் லேத்துக்காரரின் கையிலிருந்த டேப்பை வாங்கி, கொஞ்சம் இழுத்து, ஒரு கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அவரிடம் காட்டினாள்.

"அன்னிக்கு நான் பதினஞ்சுல பிடிச்சேங்க."