வச்சுக்கோ, வச்சிரு

சாவு வீட்டில் ஒன்பதாம் நாள் செபம் முடிந்து, பீடத்தின் மெழுகுவர்த்திகளை அணைக்கப் போகிற நேரத்தில்தான் ஃபகுந்தோ வாயைத் திறந்தான்.

செபம் சொல்கிற அம்மாள் வழக்கம்போலக் கேட்டார்: "யார் பொருளாவது செத்தவர்கிட்ட இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பீடத்தைக் கலைச்சப்புறம் அவரால பதில் சொல்ல முடியாது."

யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எழுந்து சாப்பிடப் போவார்கள். அதுதான் பழக்கம்.

"இருக்கு. என் மோட்டார் சைக்கிள்," என்றான் ஃபகுந்தோ, ஊன்றுகோலில் சாய்ந்தபடி.

செத்துப்போன எலிஹியோவின் மனைவி நூரிஸ் தலை நிமிரவில்லை. மகன் ஹான்சல்தான் துள்ளி எழுந்தான். பதினாறு வயது.

"ஞானப்பா, அது எங்கப்பா வண்டி!"

"என் வண்டிடா. உங்கப்பன்கிட்ட கொடுத்து வச்சிருந்தேன்."

எங்களுக்கு வயிறு எரிந்தது. எரியாதா? பரஹோனா முனையில் பைக்கில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். எலிஹியோவும் எங்கள் ஸ்டாண்டுதான். ஃபகுந்தோவும் கால் போகும்வரை எங்களோடு ஓட்டியவன்தான்.

அந்த வண்டிதான் அவன் உயிர். 'கறுப்பி' என்று பெயர் வைத்திருந்தான். மழை வந்தால் சட்டையைக் கழற்றி அதன் சீட்டை மூடுவான். ஒரு வளைவில் கரும்பு லாரி அடித்து ஒரு கால் போய், ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "கறுப்பிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் கேட்டானாம். இனி ஓட்ட முடியாது என்று ஆனபிறகு, எங்கள் எல்லோர் முன்னாலும் சாவியை எலிஹியோவிடம் கொடுத்தான். "வச்சுக்கோ" என்றான். என் ரெண்டு காதாலும் கேட்டேன்.

எலிஹியோவும் அதே வண்டியில்தான் போனான். அதே வளைவு. அதே மாதிரி ஒரு லாரி. வண்டிக்கு ஹாண்டில் மட்டும் வளைந்தது.

"யோவ், வச்சுக்கோன்னு நீதானய்யா சொன்ன?" என்றேன்.

"வச்சிருன்னு சொன்னேன். வச்சுக்கோன்னு சொல்லல."

"பீடத்து முன்னால பொய் சொல்றியே, நாக்கு அழுகிடும்."

"அழுகட்டும். வண்டியைக் கொண்டா."

"ஒத்தைக் கால வச்சுக்கிட்டு எப்படி ஓட்டுவ? வாயாலயா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். உனக்கென்ன?"

எங்கள் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஸ்டாண்டில் ஒருவன் செத்தால், அவன் வண்டியை ஓட்டுகிற மகனுக்குத்தான் அவனுடைய சவாரி முறையும், நம்பர் போட்ட மஞ்சள் சட்டையும். வண்டி இல்லையென்றால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். அப்பன் சட்டையை ஹான்சல் அளவுக்குப் பிடித்துத் தைத்ததே என் மனைவிதான். மறுநாள் அவன் ஸ்டாண்டுக்கு வருவதாக இருந்தான். அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் செய்த உதவியை நினைத்து எங்களுக்கே பெருமை.

இவன் வந்து அதில் மண்ணைப் போட்டான்.

வண்டி இன்னும் ஃபகுந்தோ பேரில்தான் இருந்தது. இந்த ஊரில் யார் பேர் மாற்றுகிறார்கள்?

"கொடுத்துடுங்க," என்றாள் நூரிஸ், தரையைப் பார்த்தபடி.

பாவம், சண்டை போடக்கூடத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டோம். ஆட்டுக்கறியும் சோறும் பரிமாறினார்கள். ஃபகுந்தோவுக்கு ஒரு வாய் காபி கொடுக்கவும் ஆளில்லை.

ஹான்சலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். ஃபகுந்தோவை எங்கே பார்த்தாலும், "ஆசீர்வாதம், ஞானப்பா" என்று ஆசி கேட்டு நிற்கிற பிள்ளை. ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்தியவன் ஃபகுந்தோ. அப்படிப்பட்ட பிள்ளை ஃபகுந்தோ வாசலில் வண்டியை நிறுத்தி, அவனுடைய ஒற்றைச் செருப்பின்மேல் துப்பிவிட்டுத் திரும்பினான்.

ஃபகுந்தோ கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் காலை எலிஹியோவின் முறை வேறொருவனுக்குப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று ஃபகுந்தோ வீட்டுக்குப் போனேன்.

கொல்லையில் சுத்தியல் சத்தம்.

வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டு, தரையில் உட்கார்ந்து எஞ்சினை அடித்துக்கொண்டிருந்தான். ஓர் அடி அடிப்பான், அழுவான். மறுபடி அடிப்பான். சற்றுத் தள்ளி, துக்கத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நூரிஸ்.

"நீ எதுக்கு வந்த நூரிஸ்? வண்டியைத் திருப்பிக் கேக்கவா?" என்றேன்.

"இல்ல. உடைச்சுட்டாரான்னு பாத்துட்டுப் போக வந்தேன்."

"உடைக்கவா? ஏன்?" என்றேன்.

"ஒன்பதாம் நாள் செபத்துக்கு முந்தின நாள் நான்தான் இங்க வந்து, இவரோட இருக்கிற ஒத்தைக் காலைப் பிடிச்சு, வண்டியைத் திருப்பிக் கேளுங்கன்னு கெஞ்சினேன். ஓட்டாதடான்னு நான் சொன்னா எம் புள்ள கேக்குறானா? நீங்க வேற ஆளாளுக்குத் தட்டிக்கொடுத்து, சட்டையும் தச்சு வச்சுட்டீங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபகுந்தோ பக்கம் திரும்பினேன்.

"அதான் வண்டி உன் கைக்கு வந்தாச்சே. உடைக்கணுமா?"

"முழுசா இருந்தா நாளைக்கே வந்து கெஞ்சுவான். எனக்கு மனசு இளகிடும்."

"பையன் இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டான்யா. ஆயுசுக்கும் உன்னைத் திட்டுவான்."

ஃபகுந்தோ புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுத்தியலை ஓங்கினான்.

"திட்டட்டும். திட்டறதுக்கு அவன் உசுரோட இருக்கணும்ல?"