ஓட்டுநர் இறங்கிச் செல்கிறார்

“பயணிகளின் பொன்னான கவனத்திற்கு! மருத்துவ உலகின் மாபெரும் ஒத்துழைப்பை நீங்கள் இப்போது நேரில் காண்கிறீர்கள். சிறுநீரக நிபுணரும் டிப்போ மருத்துவரும் கலந்துபேசி எடுத்த முடிவின்படி, ஓட்டுநர் திரு. சவரிமுத்து சிறுநீர் கழிக்க இறங்குகிறார்.”

ஒலிபெருக்கியில் இப்படி அறிவித்துவிட்டு, பேருந்து தானாகவே சாலையோரக் கழிப்பறை வாசலில் நின்றது. சவரிமுத்துவுக்கு ஆபரேஷன் செய்து சிறுநீரகக் கல்லை எடுத்தாயிற்று. நிறையத் தண்ணீர் குடித்தால்தான் மறுபடி கல் சேராது. குடித்தால் அடிக்கடி இறங்க வேண்டும். அதனால் வேலை போய்விடக் கூடாதே என்று இரண்டு பெரிய மனிதர்களும் செய்துகொடுத்த ஏற்பாடு இது. வேலை போகவில்லைதான்.

“அண்ணே, நிதானமா போயிட்டு வாங்க, நாங்க எங்கயும் போயிட மாட்டோம்!” என்றது பின்சீட்டுக் குரல் ஒன்று. பேருந்தே சிரித்தது. அதே பேருந்தில் கல்லூரிக்குப் போகும் அவர் மகள் ரோஸ்லின், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலையில் சவரிமுத்து டிப்போ மருத்துவரிடம் கெஞ்சினார். “சார், வண்டி நிக்கட்டும். அந்த அறிவிப்பு மட்டும் வேண்டாமே.”

“காரணம் சொல்லாம நிறுத்தினா ஜனங்க புகார் பண்றாங்கய்யா. நிபுணரும் ஒத்துக்கிட்டார். இதுல வெட்கப்பட என்ன இருக்கு?” என்ற டாக்டர், கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

வீட்டில் ரோஸ்லின் முகம் பார்க்காமல் சொன்னாள்: “நாளையிலேர்ந்து நான் அடுத்த பஸ்ல போறேம்ப்பா.”

அடுத்த மாதம் முழுக்க அந்தப் பேருந்து வழியில் கழிப்பறை வாசலில் ஒருமுறைகூட நிற்கவில்லை. சிகிச்சையின் வெற்றி என்று மேடை போட்டு இரு மருத்துவர்களுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

சவரிமுத்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்.