மூணு எண்ணும் வரை

ஜன்னல் வெயில் மருத்துவரின் மேஜைமேல் சாய்ந்து கிடக்கிறது. எட்டு வயதுக்காரி கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வாமைச் சோதனைக்காகத் தேனீ விஷத்தைத் துளியாய் இட்டுக் குத்திய இடம் கால் மணி நேரத்தில் தடித்துப் புடைத்திருக்கிறது. மருத்துவர் சின்ன அளவுகோலை வைத்து அளக்கிறார். "அன்னைக்குத் தேனீ கொட்டினப்ப கை மட்டும்தான் வீங்குச்சா?" "கை மட்டும்தான் டாக்டர்," என்கிறாள் அம்மா. "தொண்டையும் அடைச்சுது," என்கிறாள் சிறுமி, புடைப்பிலிருந்து கண்ணெடுக்காமல். மருத்துவரின் எழுத்து பாதியில் நிற்கிறது. அம்மா மகள் பக்கம் திரும்புகிறாள். "ஏன்டி என்கிட்ட சொல்லல?" "சொன்னா பந்தாட விடமாட்டே." "இனிமே வாசப்படி தாண்டு, பார்க்கலாம்!" மருத்துவர் இழுப்பறையிலிருந்து ஒவ்வாமை ஊசி போட்டுப் பழகுவதற்கான மாதிரிக் குழலை எடுக்கிறார், அதற்குள் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. மூச்சு முட்டினால் தொடையில் குத்தி மூன்று எண்ணும் வரை எப்படி அழுத்திப் பிடிப்பது என்று அவர் அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கும்போதே சிறுமி அதைப் பறித்துக்கொள்கிறாள். தன் தொடையில் ஓங்கிக் குத்தி அழுத்திப் பிடிக்கிறாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." கண் அம்மாவின் மேலேயே இருக்கிறது. "நாளைக்கு மேட்ச். நிஜ ஊசி என் பையில இருக்கும். தேனீ வந்தா வரட்டும்."