பன்னிரண்டாவது பெயர்க்குச்சி

அகஸ்ரீனா முழந்தாளிட்டு, செத்த செடிகளின் பெயர்க்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பழைய பிஸ்கட் தகரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தாலியின் தெற்கே, பலேர்மோ வெயில் பனிமலைப் பூச்செடிகளுக்கு ஆகுமா? விரல் உயரம்கூட வளராத செடிகள். வடக்கே மலைநாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த முதலாளியம்மா, சிஞ்ஞோரா, தன் லிபெர்த்தா வீதி வீட்டு மொட்டைமாடியில் கற்களை அடுக்கி, இடுக்குகளில் பிடிவாதமாக அவற்றை நட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு கோடையிலும் பாதி கருகிவிடும். ஒக்டோபர் கடைசியில் செத்ததைக் கழிப்பது வேலைக்காரியின் பொறுப்பு.

விரலால் அடித்தண்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். இறுகி நின்றால் உயிர் உண்டு. கையோடு வந்தால் முடிந்தது.

இன்று அது அகஸ்ரீனாவுக்குச் சுலபமாக இருந்தது. மனம் மரத்துப் போயிருந்தது.

காலையில் வேலைக்கு வரும் வழியில், கோவில் வேலைகளைப் பார்க்கும் மாக்கிரட் அக்காவிடம் பெயர்ப்பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஆத்துமாக்கள் திருநாளுக்கு இரண்டே நாள். தமிழ்ப் பூசையில் குடும்பம் குடும்பமாக இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். அப்பா, அம்மா, பெரியண்ணன். நான்காவதாக, முதல் தடவையாக, கணவன் கிறிகோரி.

போன வருடம் மார்ச் மாதம் மன்னாரில் கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. அவனை இங்கே கூப்பிட எடுத்த பத்திரங்கள் இன்னும் அலுமாரியில் கிடக்கின்றன. போன நவம்பரில் பெயர் கொடுக்கமாட்டேன் என்று நின்றாள். இந்த வருடம் மாமியே தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

"பேரைக் குடு பிள்ளை. அவன்ரை ஆத்துமா அந்தரிச்சு அலையக்கூடாது."

பெற்ற தாயே சொன்ன பிறகு இவள் என்ன சொல்ல? எழுதிக் கொடுத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பஸ் வந்தது, ஏறினாள்.

"எத்தனை போச்சு?" கதிரையில் இருந்தபடி சிஞ்ஞோரா கேட்டார்.

"பன்னிரண்டு."

சிஞ்ஞோரா தகரத்தை மடியில் வாங்கி, ஒவ்வொரு குச்சியையும் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வாசித்தார். பெயர், நட்ட மாதம், வருடம். வேலைக்குச் சேர்ந்த அன்று அகஸ்ரீனா இந்தக் கற்களையும் குச்சிகளையும் கண்டு, ஏதோ சவக்காலை என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டவள். அன்று சிஞ்ஞோரா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது.

பன்னிரண்டாவது குச்சியில் அவர் விரல் நின்றது.

"இது என்னுடைய எழுத்தில்லையே."

அகஸ்ரீனா நிலத்தைப் பார்த்தாள். அவள் போன வருடம் யாருக்கும் தெரியாமல், மூலையில், வெறும் மண்ணில் ஊன்றிய குச்சி அது. தமிழில் கிறிகோரி. கீழே 3.2007.

சிஞ்ஞோராவுக்கு இலக்கம் மட்டும்தான் விளங்கியது. அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். என்ன விதை என்று கேட்கவில்லை.

"இது ஒரு குளிர்காலம்தானே கண்டிருக்கு. மலை விதை சிலது மூன்று குளிர் கண்ட பிறகுதான் முளைக்கும். உன்னை யார் பிடுங்கச் சொன்னது? கொண்டுபோய்த் திரும்ப ஊன்று."

ஊன்றினாள். மண் ஒட்டிய விரலாலேயே கைத்தொலைபேசியை அழுத்தினாள்.

"மாக்கிரட் அக்கா, என்ரை பட்டியலிலை கடைசிப் பேரை வெட்டிவிடுங்கோ."

"ஏன் பிள்ளை? சேதி ஏதும் வந்திட்டுதோ?"

"இல்லை அக்கா. இன்னும் வரேல்லை."

அவளுக்குப் பின்னால் சிஞ்ஞோரா தடியை ஊன்றி எழுந்து வந்து, அந்த வெறும் மண்ணுக்கு ஒரு குவளை தண்ணீர் விட்டார்.