முதலில் ஏறுகிறவன்

வக்கீல் காகிதத்தை மேசைமேல் வைத்தார். கேட்காமலேயே ஸ்டாம்ப் பேடையும் திறந்து வைத்தார்.

சாரக்காரர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷமாகக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டி, கயிறு இழுத்து இழுத்து, ரேகை என்று அதில் ஒன்றும் மிச்சமில்லை. வைத்தாலும் வெறும் மைதான் ஒட்டும்.

பேடை மூடி வக்கீல் பக்கம் தள்ளினார். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, உதடு அசைய, எழுத்து எழுத்தாக வாசிக்க ஆரம்பித்தார்.

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிரே, போனில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற அந்த ஆப்பைச் செய்தவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தூங்கி நாலு நாள் ஆன முகம். முன்னால் இருந்த டீ ஆடை கட்டிவிட்டது, அவர் தொடவில்லை. கெட்ட ஆள் மாதிரித் தெரியவில்லை. கெட்ட ஆளாக இருந்திருந்தால் சாரக்காரருக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

கூலி வேலை தேடித் தருகிற ஆப் அது. சாரக்காரருக்கே அதில் இரண்டு வேலை கிடைத்திருக்கிறது. மேஸ்திரி என்று யார் வேண்டுமானாலும் பேர் போட்டுக்கொண்டு ஆள் கூப்பிடலாம். அப்படி ஒருத்தன் கூப்பிட்டுத்தான் சாரக்காரரின் தம்பி போனான்.

கல் அறுக்கிற பட்டறை. நாலு மாதம் வெளியே விடாமல் பூட்டி வைத்து வேலை வாங்கினார்கள். வலது கை மிஷினில் சிக்கிய அன்றைக்குத்தான் கதவு திறந்தது.

பூட்டியவன் ஓடிவிட்டான். ஆப்பில் அவனுக்கு ஐந்து பெயர்கள். ஐந்தும் பொய்.

ஆகவே சாரக்காரர் கொடுத்த புகாரில் மிச்சம் நின்றது ஆப் செய்தவர் பேர் மட்டும்தான். அவர்மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொடுத்தால், தம்பி கைக்கு இன்னும் செய்ய வேண்டிய இரண்டு ஆபரேஷனும் கம்பெனி பொறுப்பு. இல்லையென்றால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல மூன்று பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் தம்பி பெண்சாதி உட்கார்ந்திருந்தாள். படி ஏறும்போதே சொல்லிவிட்டாள், மாமா கோபத்தில் எதையும் செய்துவிடக் கூடாது, கைதான் முக்கியம் என்று. இப்போதும் அவர் சட்டைக் கையை ஒரு நுனியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆப் செய்தவர் தாழ்ந்த குரலில் பேசினார். தான் போட்டது ஒரு பாதை, பாதையில் திருடனும் நடப்பான், அதற்குப் பாதை போட்டவனைப் பிடித்து உள்ளே போடுவார்களா என்று கேட்டார். ஆள் யாரென்று விசாரிக்கிற ஏற்பாடு முதலில் இருந்ததாம். அதற்கு ஒரு நாள் பிடிக்கிறது, அதற்குள் வேலை கைநழுவிப் போகிறது என்று எடுத்துவிட்டார்களாம். அதை மறைக்காமல் சொன்னார்.

சாரக்காரர் கடைசி வரிவரைக்கும் வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

தங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு என்றார். சாரத்தைக் கட்டியவன்தான் முதலில் ஏற வேண்டும். உச்சிப் பலகையில் நின்று மூன்று தடவை குதித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கொத்தனார் காலை வைப்பார்.

"நாளைக்குக் காலைல உங்க ஆப்புல வர்ற முதல் வேலைக்கு உங்க வீட்டு ஆள் ஒருத்தரை அனுப்புங்க தம்பி. கூப்பிடறது யாருன்னு விசாரிக்கக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டாருன்னா, நான் கையெழுத்துப் போடறேன்."

மேசைமேல் ஆப் செய்தவரின் போன் கிடந்தது. அதன் முகப்பில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சரி பெரியவரே. நீங்க கட்டின சாரத்துல எவனோ ஒருத்தன் கயிறை அவுத்துத் திருடிட்டுப் போறான். ஒரு ஆள் விழுந்து செத்துடறான். அதுக்கு நீங்க ஜெயிலுக்குப் போவீங்களா?"

சாரக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

தம்பி பெண்சாதி குனிந்துகொண்டாள். பிடித்திருந்த சட்டை நுனியை விட்டாள்.

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்கு என்று கோடு போட்டிருந்த இடத்தில் 'முடியாது' என்று எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் பருமன். கோட்டுக்குள் அடங்காமல் மேலும் கீழும் இடித்துக்கொண்டு நின்றது.

காகிதத்தை எடுத்து வக்கீல் முன்னால் வைத்தது தம்பி பெண்சாதிதான்.

ஆப் செய்தவர் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்க எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அதில் கேலி இல்லை.

சாரக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சார் சொன்னாரே, அந்த ஜெயில்லதான். மூணு வருஷம். கயிறை அவுத்தவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நேரமில்லைன்னு ஒத்தை முடிச்சாப் போட்டது நான்."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார்.

"முதல்ல எழுதக் கத்துக்கிட்டது விழுந்தவன் பேரு."